வலது பக்க ட்வீட்டர்

மாமாவின் ஸ்பீக்கர்கள் இரண்டு பழைய கைலிகளில் சுற்றப்பட்டு, என் மைவியின் பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தன. யமஹா என்எஸ்-10எம். கறுப்புப் பெட்டி, வெள்ளைக் கூம்பு. ரெக்கார்டிங் ஸ்டூடியோவின் புகைப்படம் எதையாவது பார்த்திருந்தால் மிக்ஸிங் மேசைக்கு மேல் இவற்றைப் பார்த்திருப்பீர்கள்.

கிள்ளானில் ஒரு தாமான் வீட்டின் பின்னறையில் மாமா பல வருடம் ஸ்டூடியோ நடத்தினார். பக்திப்பாடல் கேசட்டுகள், உள்ளூர் ஆல்பங்கள், வானொலி விளம்பரங்கள், எல்லாவற்றையும்விட அதிகமாக உறுமி மேளக் குழுக்கள். தொழில் நின்றுபோன பிறகும் அறையை அவர் கலைக்கவில்லை. 2021 டிசம்பர் வெள்ளம் வந்துதான் கலைத்தது. ரேக்கின் அடித்தட்டில் இருந்த ஆம்ப், முன்முகத்தில் இரண்டு மீட்டர்கள் வைத்த யமஹா பி2200, பக்கத்துக்கு 200 வாட், சேற்றுத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்து செத்தது. மேல்தட்டில் இருந்ததால் ஸ்பீக்கர்கள் பிழைத்தன.

"ஆம்ப் நீயே பார்த்துக்கடா. சின்னதா மட்டும் வாங்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நான் ஸ்கூடாயில் மின்னணுப் பொறியியல் படித்தவன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. எனவே மாமா சொன்னதை ஒரு பழைய ஆளின் பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்பீக்கரின் பின்னால் 50 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. 50 தாங்கும் பெட்டிக்கு 200 வாட் எதற்கு? 30 வாட் ஆம்ப் கொடுத்தால் பாதுகாப்புதானே? இணையத்தில் 180 வெள்ளிக்கு ஒரு பழைய வீட்டு ஹைஃபை ஆம்ப் கிடைத்தது. வெள்ளி நிற முகப்பு, மரப்பெட்டி, பார்க்க அழகு.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். தமிழில் 'ஒலிபெருக்கி' என்றால் ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபயரா? சிலர் முதலாவதுக்குச் சொல்கிறார்கள், சிலர் இரண்டாவதுக்கு. இந்தக் கட்டுரை முழுக்க இரண்டுக்கும் நடுவில் நடந்த சண்டையைப் பற்றியது என்பதால் அந்தச் சொல்லையே தொடாமல் போகிறேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் கையில் ஒரு வேலை இருந்தது. மாமா 1998இல் பதிவு செய்த ஓர் உறுமி மேளக் குழுவின் பாடல்களை, ஸ்ட்ரீமிங்கில் போடுவதற்காக மறுபடி மிக்ஸ் செய்து தரக் கேட்டிருந்தார்கள். குழுவின் மூத்தவர் இறந்துவிட்டார். அவருடைய மகன் கேட்டிருந்தார். டேப்பிலிருந்து கணினிக்கு ஏற்றியது நான். மிக்ஸ் செய்யப்போவது மாமா. ஏறக்குறைய பத்து வருடத்துக்குப் பிறகு அவருக்கு வரும் வேலை. "சும்மா பொழுதுபோக்குக்கு" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டாலும், அதற்காகப் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை இரவு நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். உறுமி இறங்கும் இடம் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கொஞ்சம். பத்து நிமிடத்தில் வலது பக்கத்தில் ஏதோ துணி போட்டு மூடியதுபோல ஆயிற்று. மல்ட்டிமீட்டரை எடுத்து வலது ட்வீட்டரில் வைத்தேன். சில ஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றும் காட்டவில்லை. தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருள் கம்பி எரிந்து அறுந்திருந்தது.

கணக்கை அன்றைக்கே போட்டிருக்கலாம். பத்து நிமிடக் கணக்கு. என்எஸ்-10 ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும். நான் ஏறக்குறைய அந்தச் சத்தத்தில்தான் கேட்டேன். சராசரிக்கு ஒரு வாட் போதும். ஆனால் உறுமியும் பம்பையும் சராசரியில் வாழும் வாத்தியங்கள் அல்ல. கம்ப்ரெஸ் செய்யாத பதிவில் அடி விழும் நொடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. அந்த ஒரு நொடித் துண்டுக்கு 100 வாட் வேண்டும். என்னிடம் இருந்தது 30. கொடுக்க முடியாத ஆம்ப் அலையின் தலையைத் தட்டையாக வெட்டும். கிளிப்பிங். அடித்தொனி வெட்டுப்பட்டு நின்றுவிட, மேல்தொனி மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெட்டிய இடத்தில் புதிதாக முளைக்கும் கூர்மையான அதிர்வுகளும் சேர்ந்து ட்வீட்டர் தலையிலேயே இறங்கும். பெரிய ஆம்ப் கொல்லும் என்று பயந்தேன். சின்ன ஆம்ப்தான் கொன்றது.

ஞாயிறு காலை மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் பல் துலக்குவதற்குள் அவரே வந்துவிட்டார். கையில் ரொட்டி சானாய் பொட்டலம். "போடு, கேட்போம்."

போட்டேன். சொல்லாமல் போட்டேன்.

அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். பாட்டு பாதி ஓடியதும் தலையை இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம். ஒலியைக் குறைத்தார். மறுபடி கூட்டினார். "மந்தமா இருக்கு, இல்ல?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வலது காதைச் சுண்டுவிரலால் இரண்டு முறை குடைந்தார். "ரொம்ப நாளாவே சந்தேகம்தான். இந்தப் பக்கம் போயிடுச்சு போல."

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். சத்தத்தில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படு, அப்புறம் பெட்டியை, கடைசியில்தான் காதை என்று சொல்லிக்கொடுத்தவர். இடது வலது கேபிளை மாற்றிச் சொருகிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பதினைந்து வருடத்துக்கு முந்தைய மாமா நாற்காலியில் உட்காரும் முன்பே அதைச் செய்திருப்பார். அன்றைக்குச் செய்யவில்லை. அவர் திறந்துவைத்த கதவு வழியாக நான் நுழைந்து ஒளிந்துகொண்டேன். "சரியா தூங்கலையோ மாமா" என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

"நீயே மிக்ஸ் பண்ணிடுடா. நான் சும்மா உக்காந்துக்கறேன்" என்றார். அடுத்த வாரம் வந்து உட்காரவும் இல்லை.

ட்வீட்டரைச் சரிசெய்வதற்கு முன்னால் ஆம்ப் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்ததும் எரியும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் உண்மைதான். அதற்குப் பின்னால் ஒளிந்திருந்ததும் உண்மைதான்.

என்எஸ்-10 1978இல் வந்த பெட்டி. என்எஸ் என்றால் 'நேச்சுரல் சவுண்ட்'. வீட்டில் பாட்டுக் கேட்க என்று விற்கப் பார்த்தார்கள். வீட்டில் அதிகம் எடுபடவில்லை, ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நடுத்தொனி துருத்திக்கொண்டு நிற்கும், அடித்தொனி கொஞ்சம்தான். இனிமையான பெட்டி இல்லை. ஆனால் மூடிய பெட்டி என்பதால் அடி விழுந்ததும் சட்டென்று நிற்கும், இழுக்காது. 2001இல் பிரிட்டனில் ஃபிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் முதலானவர்கள் இதை வேறு பல மானிட்டர்களோடு அளந்து பார்த்து, இந்தச் சட்டென்று நிற்கும் குணத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதே 2001இல் யமஹா அதை நிறுத்தியும்விட்டது. அந்த வெள்ளைக் கூம்புக்கான மரக்கூழ் இனிமேல் கிடைக்காது என்றார்கள். இப்படி உண்மை பேசும் பெட்டிக்குப் பின்னால் திணறும் ஆம்ப்பை வைத்தால் அது ஆம்ப்பின் திணறலையும் பதிவின் குறையாகவே சொல்லும். கேட்பவர் உங்கள் மாமாவாக இருந்தால், காதின் குறையாக.

அப்படியானால் எந்த ஆம்ப்? இந்தப் பெட்டிக்கு உள்ளே ஆம்ப் கிடையாது, வெளியே ஒன்று வேண்டும். ஸ்டூடியோவுக்கென்றே செய்த புதிய ஆம்ப் என் சம்பளத்துக்கு ஒத்துவராது. பழையதுதான். சனி ஞாயிறுகளில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் விரித்திருக்கும் பழைய பொருள் சந்தை, உதிரிப்பாகத்துக்கு ஜாலான் பாசார், மற்ற நேரத்தில் கைப்பேசி. மூன்று மாதம் இதுவே வேலை.

பழைய ஆம்ப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் 'குரல்' பற்றிப் பேசுகிறார்கள். இது வெதுவெதுப்பு, அது பட்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போதுமான வாட் இருந்து, எல்லைக்குள் ஓடினால், நல்ல ஆம்ப் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அப்படி ஓர் ஆம்ப்புக்குத் தனிக்குரல் இருந்தால் மானிட்டருக்கு அது வேண்டவே வேண்டாம். பழையதில் நான் பார்த்தது வேறு: திறக்க முடிகிறதா, உள்ளே இருப்பதை வாங்க முடிகிறதா, சர்க்யூட் படம் கிடைக்கிறதா, நம் ஊர்ச் சூட்டில் எத்தனை நாள் நிற்கும்.

சூடு சும்மா சொல்லும் விஷயமில்லை. மின்சாரத்தைத் தேக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். ஐரோப்பாவில் 18 டிகிரி அறையில் இருந்ததும் இங்கே 32 டிகிரியில் இருந்ததும் ஒரே வயதுடையவை அல்ல. நான் திறந்து பார்த்தவற்றில் ஒன்றில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. இன்னொன்றில் பல்லி முட்டை ஏழு. மூன்றாவதில் டிரான்சிஸ்டர்கள் புதிதாக மின்னின. எழுத்து அச்சைப் பார்த்ததுமே போலி என்று தெரிந்தது. எதுவும் பேசாமல் மூடியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டேன்.

திருவிழாக்களுக்கு சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடும் நண்பன் 400 வாட் ஆம்ப் ஒன்றைச் சும்மாவே தருகிறேன் என்றான். வாட் தாராளம், ஆனால் உள்ளே விசிறி. கோயில் மைதானத்தில் அது யாருக்கும் கேட்காது. பத்துக்குப் பத்து அறையில், பாடகர் மூச்சு இழுப்பதைக் கேட்க உட்கார்ந்திருப்பவனுக்கு அது லாரி. ஜப்பானிலிருந்து நேரே வந்தவை மலிவாக இருந்தன. அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் சுவரில் இருப்பது 240. இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும், ஒருநாள் மறந்து நேரே சொருகினால் அவ்வளவுதான். கனடாவின் பிரைஸ்டன் 4பி ஸ்டூடியோக்களின் செல்லப்பிள்ளை. விலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். அமெரிக்காவின் ஹாஃப்லர் டிஎச்-200 மீது எனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. 100 வாட், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் விற்றார்கள், அதனால் கழற்றுவதும் சுலபம். அதில் உள்ள ஹிட்டாச்சி மாஸ்ஃபெட்டுகள் சூடு ஏறினால் தாமாகவே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். வெயில் ஊருக்கு ஏற்ற குணம். ஆனால் அந்த மாஸ்ஃபெட்டுகள் செய்வது நின்று எத்தனையோ வருடமாகிறது. சந்தையில் கிடைப்பதில் எது அசல் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசியில் அமைந்தது இங்கிலாந்தின் குவாட் 405. 1,100 வெள்ளி. செங்கலைப் படுக்கவைத்ததுபோல ஓர் உருவம், முன்பக்கம் முழுக்க ஹீட்சிங்க் தகடுகள், விசிறி கிடையாது. பக்கத்துக்கு 100 வாட். நான் போட்ட கணக்குக்குச் சரியாக அவ்வளவு.

1975இல் பீட்டர் வாக்கர் கொண்டுவந்தது இது. சாதாரண ஆம்ப்பில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் தூக்கும். கை மாறும் இடத்தில் தடுக்காமலிருக்க இரண்டுக்கும் எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை ஒரு சின்னத் திருகு தீர்மானிக்கும். வருடங்கள் போகப்போகத் திருகு வைத்த அளவு நகரும், கை மாறும் இடத்தில் கரகரப்பு வரும், அல்லது ஆம்ப் கொதிக்கும். வாக்கர் அந்தத் திருகையே எடுத்துவிட்டார். உள்ளே ஒரு சின்ன, சுத்தமான ஆம்ப் எல்லா நேரமும் அலையைக் கவனித்துக்கொள்ளும். பெரிய டிரான்சிஸ்டர்கள் தேவைப்படும்போது வந்து கரண்ட்டைக் கொட்டிவிட்டுப் போகும். அவை விடும் பிழையைச் சின்னது சரிக்கட்டும். கரண்ட் டம்பிங் என்று பெயர். சரிசெய்ய எதுவும் இல்லை என்றால் வயதாகி நகரவும் எதுவும் இல்லை. சும்மா இருக்கும்போது சூடும் அதிகமில்லை. நாற்பது வருடப் பழைய ஆம்ப்பை மலேசியாவில் வாங்குபவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறைகளும் உண்டு. 405 அரை வோல்ட்டுக்கே முழுச் சத்தம் கொடுத்துவிடும். ஸ்டூடியோ கருவிகள் அனுப்புவது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியே இணைத்தால் வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாலே அறை அதிரும், இரைச்சலும் வரும். வழியில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுச் சிக்னலை இறக்கினேன். மூன்று வெள்ளி வேலை. டிரான்சிஸ்டர் செத்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே உள்ளே இல்லை, டிசி நேராக வெள்ளைக் கூம்பில் பாயும். தனியாக ஒரு பாதுகாப்பு ரிலே போர்டு சேர்த்தேன். பெரிய கெப்பாசிட்டர்களை மாற்றினேன். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஆம்ப் பிழைக்கும். இப்போது குண்டு பல்பு எங்கே கிடைக்கிறது? ஹார்ட்வேர் கடையில் கோழிக்குஞ்சுக் கூண்டுக்கு என்று வைத்திருந்தார்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. நல்ல சகுனம். வெளியீட்டில் டிசி அளந்தேன், இடது 4 மில்லிவோல்ட், வலது 6. 50ஐத் தாண்டாதவரை கவலையில்லை.

பினாங்கில் ஒருவரிடம் பழைய என்எஸ்-10 ட்வீட்டர் ஜோடியாகக் கிடைத்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரு பக்கமும் ஒத்துப்போகாது என்பதால் இரண்டையும் மாற்றினேன். ஆம்ப்பில் பாதி விலை. கொடுத்தேன்.

மாமா வந்தபோது பாட்டைப் போடவில்லை. மேசை மேல் எரிந்த ட்வீட்டரை வைத்திருந்தேன்.

"இது என்ன?"

"உங்க வலது காது, மாமா."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் இல்லை, எப்படியோ வாயில் வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். 180 வெள்ளி ஆம்ப், சனிக்கிழமை இரவு, ரொட்டி சானாய் காலை. அவர் ட்வீட்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"மூணு மாசம்டா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பணப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். எனக்கும் அத்தைக்கும் சொல்லாமல் போய்க் காதைச் சோதித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆடியோகிராம். நான் தினமும் பார்க்கும் வரைபடங்களைப் போன்றதுதான், ஓர் அச்சில் அதிர்வெண், இன்னோர் அச்சில் டெசிபல். இரண்டு கோடுகளும் 2 கிலோஹெர்ட்ஸ்வரை சமதளமாக வந்து 4 கிலோஹெர்ட்ஸில் பள்ளத்தில் இறங்கியிருந்தன. வலது மட்டுமல்ல, இரண்டும் ஒரே மாதிரி. வருடக்கணக்கில் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வரும் பள்ளம்.

"அது ட்வீட்டர். இது ட்வீட்டர் இல்ல" என்றார்.

என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூன்று மாதமாக நான் தயார் செய்த மன்னிப்பு, அந்தத் தாளுக்கு முன்னால் பாதிதான் செல்லுபடியானது.

அவர்தான் முதலில் அசைந்தார். ஆம்ப்பின் பக்கத்தில் குனிந்து முன்னும் பின்னும் தடவினார். "சுவிட்ச் எங்கடா?"

"இதுக்கு சுவிட்சே இல்ல மாமா. சுவத்துலதான் போடணும்."

"வெள்ளைக்காரன் கஞ்சன்" என்று முணுமுணுத்துக்கொண்டு சுவரில் சுவிட்சைத் தட்டினார். ஸ்பீக்கரில் மெல்லிய டப். அப்புறம் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. காதை வெள்ளைக் கூம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். இடது. பிறகு வலது. நாற்காலியில் உட்காரும் முன் கேபிளைக் கழற்றி இடது வலது மாற்றிச் சொருகினார். மறுபடி பழையபடி சொருகினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மோனோவுல போடு."

உறுமி இறங்கியது. நான் அந்த இடத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன், ஆனால் தோலில் குச்சி இழுபடும் சத்தத்துக்கும் அடி விழும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு இடைவெளி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டு முடியும்வரை எதுவும் பேசவில்லை.

"பம்பை ஒரு டிபி இறக்கு. பாடறவர் குரலை அது அமுக்குது." இறக்கினேன். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தெரிந்தது.

"ஜால்ரா எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கூர்மையா இருக்கு."

"எவ்வளவு?"

"ரெண்டு டிபி இருக்கும்."

"அப்ப எடுத்துடு. நாலாயிரத்துக்கு மேல நீ பாரு. அதுக்குக் கீழ உள்ளதுல கை வைக்காதே, அது என்னுது."

அப்படித்தான் ஆறு பாடல்களையும் முடித்தோம். ஞாயிறுதோறும் காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை. அத்தை சாப்பிடக் கூப்பிட்டுப் ஃபோன் அடிப்பாள். மாமா எழுந்துபோய்ச் சுவரில் சுவிட்சை அணைப்பார். 405 உடனே நிற்காது. கெப்பாசிட்டரில் தேங்கியது தீரும்வரை உறுமி இன்னும் இரண்டு மூன்று அடி அடித்துவிட்டுத் தேய்ந்து போகும். அதுவரை கதவைப் பிடித்தபடி நின்றிருப்பார்.